16-18 வயசு பசங்கள எப்ப பெரியவங்க கோர்ட்டுல நிறுத்தணும்?

மணிமுத்தாறு
புனே போர்ஷே கார் கேஸ ஃபாலோ பண்ணவங்க இருக்கீங்களா? 2024 மே 19 விடியக்காலம் கல்யாணி நகர்ல பைக்ல போன ரெண்டு ஐடி எஞ்சினியர்கள் செத்தாங்க. ஓட்டுனது பதினேழு வயசு பையன், குடிச்சிருந்தான்னு போலீஸ் சொல்லுச்சு, அன்னைக்கே ஜாமீன், கூடவே சாலை விபத்து பத்தி 300 வார்த்தையில கட்டுரை எழுதணும்னு கண்டிஷன். நாடே கொதிச்சுது. அப்புறம் ரத்த சாம்பிளையே மாத்திட்டாங்கன்னு டாக்டருங்க வரைக்கும் கைது. கடைசில 2025 ஜூலைல இவன பெரியவனா வச்சு விசாரிக்கணும்னு போலீஸ் போட்ட மனுவ அங்க இருக்கற ஜேஜே போர்டு (பதினெட்டுக்கு கீழ உள்ளவங்க கேஸ விசாரிக்கற சிறார் நீதி வாரியம்) தள்ளுபடி பண்ணிடுச்சு.

எனக்கு கேக்க வேண்டியது ஒண்ணுதான். ஒரு பையன பெரியவங்க மாதிரி விசாரிக்கணுமா வேண்டாமான்னு எத வச்சு முடிவு பண்றாங்க? வயசா, செஞ்ச காரியமா, இல்ல அப்பன் கையில இருக்கற காசா? சட்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கோவமா இருக்கவங்களும் வாங்க, காரணத்தோட பேசுங்க.

கோவை_கார்த்தி
பதினாறு ஆயிடுச்சுன்னா பெரிய ஆள்தானுங்க, இதுல முடிவு பண்ண என்ன இருக்கு. 2012 டிசம்பர் 16 டெல்லி பஸ்ல அந்த பொண்ணுக்கு நடந்தத மறந்துட்டமா? ஆறு பேர்ல ஒருத்தனுக்கு பதினெட்டு ஆக சில மாசம்தான் பாக்கி. நாலு பேர 2020 மார்ச்ல தூக்குல போட்டாங்க, ஒருத்தன் ஜெயில்லயே செத்துட்டான், இந்த ஆறாவது ஆளுக்கு மட்டும் மூணே வருஷம், 2015 டிசம்பர்ல வெளிய வந்துட்டான். அந்த சில மாசத்துக்குள்ள அவனுக்கு என்ன புத்தி வந்திருக்கப் போகுது? ஓட்டு போட, லைசன்ஸ் எடுக்க பதினெட்டு வேணும், சரி, ஒத்துக்கறேன். ஒரு உசுர எடுக்கக்கூடாதுன்னு தெரிய எதுக்குங்க பதினெட்டு?

நிலா82
கார்த்தி ப்ரோ சொல்றது 100% கரெக்ட். செஞ்ச குற்றத்த பாருங்க, வயச பாக்காதீங்க.

வக்கீல்_தென்காசி
கார்த்தி தம்பி, நீங்க சொல்ற அந்தக் கோவத்துலதான் இப்ப இருக்கற சிறார் நீதிச் சட்டமே பொறந்துச்சு. அந்த பையன் வெளிய வந்தது டிசம்பர் 20, மாநிலங்களவையில மசோதா நிறைவேறுனது டிசம்பர் 22, ரெண்டே நாள். அதுக்கு முன்னாடி 2013 ஜனவரியில, டெல்லி கேஸுக்கு அப்புறம் அரசு போட்ட நீதிபதி வர்மா கமிட்டி வயச குறைக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு, நாடாளுமன்ற நிலைக்குழுவும் இந்த 16-18 பிரிவு வேண்டாம்னுதான் அறிக்கை கொடுத்துச்சு. ரெண்டையும் தாண்டித்தான் 2016 ஜனவரி 15லருந்து அமலுக்கு வந்துச்சு.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, பதினாறுக்கு கீழ இருந்தா எந்த குற்றமா இருந்தாலும் பெரியவங்க மாதிரி விசாரணை கிடையவே கிடையாது. பதினாறு முடிஞ்சு பதினெட்டுக்கு உள்ள இருந்து, செஞ்சது கொடுங்குற்றமா இருந்தாத்தான் இந்தப் பேச்சே வரும். கொடுங்குற்றம்னா, அந்தப் பிரிவுக்கு குறைந்தபட்ச தண்டனை ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ இருக்கணும். குறைந்தபட்சம்ங்கறத நல்லா கவனிங்க.

இதுலதான் பெரிய கோளாறு. கொலைக்கு குறைந்தபட்சமே ஆயுள், அதனால வந்துரும். ஆனா கொலை முயற்சிக்கு குறைந்தபட்சம்னு ஏழு வருஷம் எங்கயும் எழுதல. ஒருத்தன் அருவாள எடுத்து பத்து வெட்டு வெட்டி, டாக்டருங்க போராடி அந்த ஆள காப்பாத்திட்டாங்கன்னு வைங்க, அந்த ஒரு பிரிவு மட்டும்னா வெட்டுன பையன் மேல போர்டுதான் விசாரிக்கும். அதே தெருவுல இன்னொரு பதினேழு வயசு பையன் கத்திய காட்டி செல்போன புடுங்குனா கொள்ளையில ஆயுதம் பயன்படுத்துன பிரிவு, அதுக்கு குறைந்தபட்சம் ஏழு வருஷம், அதனால அது கொடுங்குற்றம், அவன பெரியவங்க கோர்ட்டுக்கு அனுப்பலாம்! நிலா மேடம், குற்றத்த பாருங்கன்னு சொன்னீங்கல்ல, பிரிவ மட்டும் பாத்தா இந்த லட்சணத்துலதான் வரும்.

புனே கேஸும் இதுலதான் நிக்குது. கொலைன்னு ஆகாத, ஆனா மரணம் விளைவிக்கிற குற்றம்னு போலீஸ் போட்ட பிரிவுக்கு ஏழு வருஷ குறைந்தபட்சம் கிடையாது, ஐபிசிக்கு பதிலா வந்த புது பிஎன்எஸ் சட்டத்துல கூட அஞ்சு வருஷம்னுதான் இருக்கு. கொடுங்குற்றக் கணக்குலயே இது வராதுங்கறதுதான் பையன் தரப்பு வாதம். இந்தக் கேள்விய சுப்ரீம் கோர்ட் 2020 ஜனவரியில ஷில்பா மிட்டல் வழக்குல முடிச்சு வச்சிருச்சு. அதுவும் டெல்லியில மைனர் பையன் கார் ஓட்டி ஒருத்தர் செத்த கேஸ்தான். அதிகபட்ச தண்டனை ஏழுக்கு மேல இருந்து குறைந்தபட்சம் இல்லன்னா அது கொடுங்குற்றம் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. ஆக மணிமுத்தாறு அண்ணே, சாம்பிள் மாத்துறதுக்கு காசு பேசியிருக்கலாம், அத தனியா விசாரிக்கறாங்க. ஆனா பெரியவனா விசாரிக்க முடியாதுன்னு வந்ததுக்கு சட்டத்துலயே காரணம் இருக்கு, ஏழை வீட்டுப் பையன் அதே வண்டிய ஓட்டியிருந்தாலும் இதே பதில்தான் வரணும்.

மணிமுத்தாறு
வரணும்னு சொல்றீங்க, வருமா?

வக்கீல்_தென்காசி
ஏழை வீட்டுப் பையனுக்கு ஷில்பா மிட்டல் தீர்ப்ப எடுத்து காட்ட வக்கீல் இருந்தா வரும். பல பேருக்கு அது கூட வேணாம், வயச சொல்லவே ஆள் இல்ல. ஸ்டேஷன்ல 19னு எழுதி பெரியவங்க ஜெயிலுக்கே அனுப்பிருவாங்க, அவங்க அம்மா ஸ்கூல் டிசிய தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள மாசம் ஓடிரும். சட்டப்படி மொதல்ல ஸ்கூல் சர்டிபிகேட், பத்தாவது மார்க் ஷீட், அது இல்லாட்டி நகராட்சி பஞ்சாயத்து பிறப்பு சான்று, எதுவுமே இல்லாட்டித்தான் எலும்பு டெஸ்ட். இந்த வரிசைய ஸ்டேஷன்ல யாரும் பாக்கறதில்ல.

செல்வி_டீச்சர்_மதுரை
வக்கீல் சார், நான் அரசுப் பள்ளியில பன்னெண்டாம் வகுப்பு வரைக்கும் எடுக்கறேன். இன்னொரு கூட்டத்த எல்லாரும் மறந்துட்டீங்க. பதினேழு வயசு பையனும் பதினேழு வயசு பொண்ணும் விரும்பி வீட்ட விட்டு போயிடறாங்க, பொண்ணு வீட்டுல கம்ப்ளைண்ட் கொடுக்கறாங்க, பெரும்பாலும் சாதி வேறயா இருக்கும், அப்ப கேஸ் கண்டிப்பா வரும். போக்சோ, குழந்தைகள் மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டம். பொண்ணு விரும்பித்தான் போனேன்னு சொன்னாலும் சட்டத்துல அந்த சம்மதத்துக்கு மதிப்பு இல்ல. 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைந்தபட்சம் பத்து வருஷம். அப்ப அந்த பையன் செஞ்சதும் கொடுங்குற்றம்தானே? அவனையும் பெரியவங்க கோர்ட்டுக்கு அனுப்பலாம்தானே?

வக்கீல்_தென்காசி
ஆமா டீச்சர், சட்டப்படி அனுப்பலாம். நம்ம ஐகோர்ட்டுல 2019ல நீதிபதி பார்த்திபன் பதினாறுக்கு மேல உள்ள சம்மத உறவ போக்சோலருந்து எடுக்கலாமான்னு யோசிக்கச் சொன்னார், 2021 ஜனவரியில நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த மாதிரி ஒரு கேஸ ரத்தே பண்ணார். சட்டம் இன்னும் மாறல.

கோவை_கார்த்தி
டீச்சர், லவ் கேஸ் வேற, நான் சொல்றது வேறங்க. அதையும் இதையும் போட்டு கொழப்பாதீங்க. நான் கேக்கறது கொலையும் பாலியல் வன்கொடுமையும். திட்டம் போட்டு, ஆள் சேத்து, நேரம் பாத்து வெட்டறவன எப்படிங்க சின்னப் பையன்னு சொல்றது? அப்புறம் கேஸ்ல மாட்டுன பசங்கள வைக்கற அந்த கூர்நோக்கு இல்லம்னு ஒண்ணு, டிவி கேரம் போர்டு எல்லாம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். ஹாஸ்டல் மாதிரி இருந்துட்டு வர்றதுக்கு பேர் தண்டனையா?

பிஓ_ஓய்வு
நான் நன்னடத்தை அலுவலரா வேல பாத்து ஓய்வு பெற்றவன், வாசிச்சிட்டு மட்டும் போகலாம்னுதான் இருந்தேன். கார்த்தி சார், ஹாஸ்டல் இல்லங்க. செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துல 2022 டிசம்பர் கடைசியில பதினேழு வயசு பையன் ஒருத்தன் அடி வாங்கி செத்தான், ஊழியர்கள் ஆறு பேர கைது பண்ணாங்க. அதுக்கு அப்புறம்தான் அரசு நீதிபதி சந்துரு அய்யாவ இல்லங்கள பத்தி விசாரிக்கச் சொல்லி நியமிச்சாங்க. திருட்டுக் கேஸ்ல, குற்றம் நிரூபிக்கப்படாத பையன் அவன்.

நான் சேந்தப்ப 1986 சட்டம், ஆம்பள பசங்களுக்கு 16, பொம்பள பிள்ளைங்களுக்கு 18. 2000 சட்டம் வந்து ரெண்டு பேருக்கும் 18 ஆச்சு. எல்லா காலத்தையும் பாத்தாச்சு. 2016க்கு அப்புறம் நடக்கற முதனிலை மதிப்பீடு எப்படி இருக்கும்னு சொல்றேன், கேளுங்க, ஏன்னா பையன அனுப்பலாமா வேண்டாமான்னு முடிவாகறது அங்கதான்.

போர்டுல ஒரு மேஜிஸ்ட்ரேட், ரெண்டு சமூகப் பணியாளர், அதுல ஒருத்தர் பெண். மேடை கிடையாது, கூண்டு கிடையாது, மேசைய சுத்தி நாற்காலி. போலீஸ் யூனிஃபார்ம்ல வரக்கூடாது. மூணு விஷயம் பாக்கணும்: இந்த குற்றத்த செய்ய மனசளவுலயும் உடம்பளவுலயும் முடியுமா, அதோட விளைவு புரியுமா, எந்த சூழ்நிலையில செஞ்சதா சொல்றாங்க. மொதல் தடவ ஆஜரானதுலருந்து மூணு மாசம்னு காலக்கெடு.

ஒரு கொலைக் கேஸ். பையனுக்கு பதினேழு. கவுன்சிலிங் பண்ண வந்தவங்க உக்கார வச்சு கேக்கறாங்க. "வெட்டுனா ஆள் செத்துருவாங்கன்னு தெரியுமா?" "தெரியும் மேடம்." "அப்புறம் என்ன ஆகும்?" "ஜெயிலுக்கு போவாங்க." "இது தப்புன்னு தெரியுமா?" "தெரியும்." தண்ணி குடிக்கறியான்னு கேட்டாங்க, வேணாம்னான். முடிஞ்சிருச்சு. ரிப்போர்ட்ல, அறிவுத்திறன் இயல்பு நிலை, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் உள்ளது. அவ்வளவுதான்.

நான் சமூக விசாரணை அறிக்கைக்காக அவன் வீட்டுக்கு போனேன். ஒத்த ரூம் வீடு. சுவத்துல அவன் அண்ணன் போட்டோ, காஞ்ச மாலை. அண்ணன ஒரு கோஷ்டி வெட்டிருச்சு. அம்மா சொன்னாங்க, ஒரு வருஷமா தெருவுல பெரிய ஆளுங்க இவன நிக்க வச்சு "உங்கண்ணன வெட்டுனவன் பஜார்ல நடக்கறான், நீ சோறு தின்னுட்டு இருக்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம், சாராயம் வாங்கிக் கொடுத்தது அவங்க, பைக் கொடுத்தது அவங்க, கத்தி கொடுத்ததும் அவங்கதான். ஸ்கூல விட்டு நின்னு எட்டு மாசம் ஆச்சு, ஒருத்தர் வந்து ஏன்னு கேக்கல. இதெல்லாம் நான் அறிக்கையில எழுதுனேன், பக்கம் பக்கமா. கடைசியில எல்லாரும் படிச்சது "புரிந்துகொள்ளும் திறன் உள்ளது"ங்கற ஒரு வரிய.

தப்புன்னு தெரியறது வேற, தெரிஞ்சும் அந்த நேரத்துல அத்தன பேர எதுத்து முடியாதுன்னு நிக்கற தெம்பு வேற. ரெண்டாவது கேள்விய யாருமே அவன்கிட்ட கேக்கல சார்.

நிலா82
பிஓ சார்... அந்த பெரிய ஆளுங்க மேல கேஸ் போட்டாங்களா?

பிஓ_ஓய்வு
சிறுவர்கள வச்சு குற்றம் செய்யற பெரியவங்களுக்கு ஏழு வருஷம் வரைக்கும் கடுங்காவல், அஞ்சு லட்சம் அபராதம்னு இதே சட்டத்துல 83வது பிரிவு இருக்கு. அந்த கேஸ்ல போடல. போட்டு நான் பாத்தது ரொம்பக் கொஞ்சம். வயச பதினாறா குறைச்சா அந்த ஆளுங்க பதினஞ்சு வயசு பையன தேடிப் போவாங்க, அவ்வளவுதான் நடக்கும்.

ராஜி_ஈரோடு
நான் இது வரைக்கும் இங்க எழுதுனதே இல்லைங்க. எங்க பெரியப்பா பையன வெட்டிக் கொன்னாங்க. நாலு பேர், அதுல ஒருத்தனுக்கு பதினேழு. மூணு பேர் கேஸ் செஷன்ஸ் கோர்ட்டுல நடக்குது, வாய்தாவுக்கு வாய்தா பெரியம்மா போய் உக்காந்துட்டு வர்றாங்க, வக்கீல் பேசறது புரியலைன்னாலும் அவனுங்க கூண்டுல நிக்கறத பாத்துட்டு வர்றாங்க. அந்த நாலாவது பையன் கேஸ் மட்டும் என்ன ஆச்சுன்னே தெரியல. ஸ்டேஷன்ல கேட்டா அது ரகசியம், மைனர் கேஸ், உங்களுக்கு சொல்லக்கூடாதுங்கறாங்க. மதிப்பீடு நடந்துச்சா, நடக்கலயா, வெளிய வந்துட்டானா, ஒண்ணும் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல அவன மாதிரி ஒருத்தன பாத்துட்டு பெரியம்மா அன்னைக்கு பூரா சாப்பிடல.

பிஓ சார் எழுதுனத படிச்சு அழுதுட்டேன், அது நெசம். ஆனா எங்க அண்ணனுக்கு ஒரு வயசு பொண்ணு இருக்கா. அந்த பையன் வீட்டுக்கு போய் பக்கம் பக்கமா எழுதுனீங்க, எங்க வீட்டுக்கு யாராவது வந்து எழுதுனாங்களா?

பிஓ_ஓய்வு
வரலம்மா. அந்த அறிக்கையில உங்க வீட்டுக்கு இடமே வைக்கல. வச்சிருக்கணும்.

கோவை_கார்த்தி
ராஜி சொல்றதத்தான் நான் மொதல்லருந்து சொல்றேன். சட்டம் பூரா அவன் எதிர்காலத்த பாக்குது. செத்தவனுக்கு ஏதுங்க எதிர்காலம்?

வக்கீல்_தென்காசி
ராஜிம்மா, உங்க விஷயத்துக்கு தனியா வர்றேன், அதுக்கு வழி இருக்கு. அதுக்கு முன்னாடி மொத்தமா என் மனசுல இருக்கறத சொல்லிடறேன்.

இந்த மதிப்பீட்டுல எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு. பையன் அத செஞ்சானான்னே இன்னும் நிரூபிக்கல. சாட்சி வரல, குறுக்கு விசாரணை நடக்கல. ஆனா எந்த சூழ்நிலையில செஞ்சான்னு உக்காந்து எட போடறாங்க. இது விசாரணை இல்லன்னு சட்டத்துலயே விளக்கம் எழுதியிருக்கு, சரி, ஆனா செய்யாத பையன் ஒருத்தன் வந்து உக்காந்தா அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லுவான்? நான் செய்யலன்னு சொன்னா ஒத்துழைக்கல, வருத்தம் இல்லன்னு எழுதறாங்க. ஒத்துக்கிட்டா அதோட தலையெழுத்து முடிஞ்சுது.

குருகிராம் ஸ்கூல் கேஸ ஞாபகம் வச்சிருப்பீங்க, 2017 செப்டம்பர், ஏழு வயசு குழந்தைய ஸ்கூல் பாத்ரூம்ல கழுத்த அறுத்துட்டாங்க. போலீஸ் மொதல்ல பஸ் கண்டக்டர புடிச்சு, அவர்தான் செஞ்சார்னு நாட்டுக்கே சொல்லிடுச்சு. அப்புறம் சிபிஐ வந்து அவர் இல்ல, அதே ஸ்கூல்ல பதினொண்ணாவது படிக்கற பையன்னு சொல்லுச்சு. நாட்டையே உலுக்குன கேஸ்லயே மொதல்ல புடிச்ச ஆள் தப்பு! அந்த பதினாறு வயசு பையனுக்கு போட்ட மதிப்பீடு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. மனநல ரிப்போர்ட், சமூக விசாரணை அறிக்கை எதையும் பையன் தரப்புக்கு நகல் கொடுக்கல. 2022 ஜூலைல கோர்ட் சொன்னது, போர்டுல குழந்தை மனநலம் படிச்சவங்க இல்லன்னா நிபுணர் உதவி கண்டிப்பா எடுக்கணும், இது சும்மா ஒரு சடங்கு இல்ல. மறுபடி மதிப்பீடு பண்ணாங்க, மறுபடியும் பெரியவனா விசாரிக்கணும்னுதான் முடிவு வந்துச்சு. வரட்டும், ஒழுங்கா பண்ணி வந்தா அத நான் ஏத்துக்கறேன்.

கார்த்தி தம்பி, பெரியவங்க கோர்ட்டே கூடாதுன்னு சொல்ற ஆள் இல்ல நான். எனக்கு கேட்டா, மொதல்ல போர்டோ குழந்தைகள் நீதிமன்றமோ (நாம பெரியவங்க கோர்ட்டுன்னு சொல்றது சட்டத்துல இதத்தான்) அவன்தான் செஞ்சானான்னு முடிவு பண்ணட்டும். செஞ்சான்னு ஆன பிறகு, எவ்வளவு நாள், எங்க வைக்கணும்ங்கற கேள்வி வர்றப்ப இந்த மதிப்பீட்ட பண்ணட்டும். அப்ப ஒளிச்சு பேச வேண்டியதில்ல, பையனும் வாய தொறப்பான், பாதிக்கப்பட்ட குடும்பமும் வந்து பேசலாம். அவனா திட்டம் போட்டானா இல்ல பின்னாடி பெரியவங்க இருந்தாங்களா, முன்னாடி ஒரு தடவ போர்டு திருந்த வாய்ப்பு கொடுத்தும் திரும்ப வந்தானா, செஞ்சதுக்கு அப்புறம் எப்படி நடந்துக்கிட்டான், இதெல்லாம் பாத்து, பின்னாடி ஆளே இல்லாம அவனா நெனச்சு நெனச்சு செஞ்சிருந்தா நீண்ட தண்டனை கொடுக்கட்டும். பிரிவுல ஏழு வருஷம் இருக்கா இல்லையான்னு எண்ணி இத முடிவு பண்றத மட்டும் நிறுத்தணும்.

செல்வி_டீச்சர்_மதுரை
சார், பெரியவனா விசாரிச்சு தண்டனை கொடுத்தா நேரா ஜெயிலா?

வக்கீல்_தென்காசி
இல்ல டீச்சர், இது பல பேருக்கு தெரியாது. போர்டு அனுப்புனாலும் குழந்தைகள் நீதிமன்றம் தானா ஒரு தடவ யோசிச்சு, பெரியவனா விசாரிக்க வேண்டியதில்லன்னு சொல்லலாம். விசாரிச்சு தண்டனை கொடுத்தாலும் 21 வயசு வரைக்கும் பாதுகாப்பு இடம்னு தனி எடத்துலதான் வைக்கணும், பெரிய கைதிங்களோட கூடாது. 21 ஆனதும் திருந்தியிருக்கானான்னு கோர்ட் பாத்து, வெளிய விடலாம், இல்ல மிச்ச தண்டனைக்கு ஜெயிலுக்கு மாத்தலாம். தூக்கும் கிடையாது, வெளிய வரவே முடியாத ஆயுளும் கிடையாது. ஆனா ஒண்ணு போயிடும். சாதாரணமா சிறார் கேஸ்ல தண்டனை ஆனாலும் அது பின்னாடி வேலைக்கு தடையா நிக்கக்கூடாது, பதிவையும் அழிச்சிடணும். பெரியவனா விசாரிச்ச பையனுக்கு அந்த பாதுகாப்பு இல்ல.

கோவை_கார்த்தி
21ல திருந்துனானான்னு பாக்கறது எனக்கு சரியாத்தான் படுது, அது தெரியாது. செஞ்சானான்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் மதிப்பீடுன்னு சொன்னதும் நியாயம்தான். ஆனா ரெண்டு மூணு கொலை பண்ணவன் திருந்திட்டான்னு ஒரு ரிப்போர்ட்ட வச்சு 21ல வெளிய விட்டா அந்த ரிப்போர்ட்ட எழுதுனவங்க யாருன்னு குடும்பத்துக்கு தெரியணுங்க. பிஓ சார் சொன்ன அந்த பத்து நிமிஷ கேள்வி பதிலே அங்கயும் நடந்தா என்ன பண்றது? நான் மொத சொன்னதுலருந்து மாறல, கொலைன்னா பதினாறு போதும்.

பிஓ_ஓய்வு
நியாயமான பயம் கார்த்தி சார். 2023ல தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் மதிப்பீட்டுக்குன்னு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க. ஆனா ஒரு மாவட்டத்துக்கு குழந்தை மனநலம் படிச்ச ஒருத்தர முழுநேரமா போடுங்க, நாலஞ்சு தடவ உக்காந்து பேசட்டும், வீட்டுக்கு போகட்டும், ஸ்கூலுக்கு போகட்டும். அது இல்லாம வழிகாட்டுதல் எத்தன பக்கம் இருந்து என்ன. 2022ல நாடு பூரா சிறார்கள் மேல பதிவான வழக்கு 30,555. மொத்த குற்றத்துல ஒரு சதவீதம் கூட வராது. அதுல கொடுங்குற்றம்னு வர்றது இன்னும் கொஞ்சம். இவ்வளவு பேரையாவது ஒழுங்கா உக்காந்து பாக்க ஒரு நாட்டால முடியாதா?

ராஜி_ஈரோடு
வக்கீல் சார், வழி இருக்குன்னு சொன்னீங்களே.

வக்கீல்_தென்காசி
இருக்கும்மா. ரகசியம்ங்கறது பையன் பேரையும் அடையாளத்தையும் வெளிய சொல்லக்கூடாதுங்கறதுக்கு, அது 74வது பிரிவு. குடும்பத்துக்கு கேஸ் எந்த நிலையில இருக்குன்னு சொல்லாம இருக்கறதுக்கு அது சாக்கு இல்ல. நான் சொன்ன குருகிராம் கேஸ சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கொண்டு போனதே இறந்த குழந்தையோட அப்பாதான். உங்க மாவட்ட ஜேஜே போர்டுல பெரியம்மா பேர்ல ஒரு மனு போடுங்க, வழக்கு எந்த நிலையில இருக்கு, மதிப்பீடு உத்தரவு ஆயிருக்கா, எங்களையும் கேக்கணும்னு. வக்கீலுக்கு செலவு பண்ண வேண்டாம், கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் கொடுக்கணும்னு சட்டம். எஃப்ஐஆர் நகல், பெரியம்மா ஆதார், செஷன்ஸ் கேஸ் நம்பர், இந்த மூணும் கையில இருந்தா போதும்.

ராஜி_ஈரோடு
எஃப்ஐஆர் நகல் ஸ்டேஷன்ல கொடுத்தது பெரியப்பா பீரோவுல இருக்குங்க. செஷன்ஸ் வாய்தா வர்ற வாரம்தான், அன்னைக்கே அந்த ஆபீஸ்க்கும் போயிடலாமா? நான் கூட போறேன்.

வக்கீல்_தென்காசி
போங்க. காலைல பத்தரைக்குள்ள போயிடுங்க, மதியத்துக்கு மேல ஆள் இருக்க மாட்டாங்க. மனு எழுதறதுல சந்தேகம்னா இங்கயே கேளுங்க, பேர் எதுவும் போடாம கேளுங்க.

பிஓ_ஓய்வு
ராஜிம்மா, போர்டுக்கு மனு போடறப்ப நன்னடத்தை அலுவலருக்கும் ஒரு நகல் கொடுங்க. பெரியம்மா என்ன சொல்ல நெனைக்கறாங்களோ அத ஒரு தாள்ல அவங்க வார்த்தையிலயே எழுதி கூட வச்சு கொடுங்க. கொடுத்ததுக்கு முத்திரை போட்ட ரசீது வாங்கிட்டு வாங்க.